மீந்த நாலு மீட்டர்

"ஆம்பள ஆளு வருது" என்று
மாடி மாடியாய்க் கத்தினார் பாவாயி அக்கா.
பின்னால் நான், ஏணியும் டிரில்லுமாய்.
கதவுகள் சாத்திக்கொண்டன.

கருப்பூர். மூன்றாம் மாடி. அறுபத்திரண்டு பேர்.
மாடிக்கு ஒரே வைஃபை பெட்டி என்கிறது டெண்டர்.
எங்கே மாட்ட?
நடுவில் என்றார் வார்டன்.
நடுவில் இருந்தது குளியலறை.

சுவரைத் துளைக்க
ஜன்னலுக்கு வெளியே தெரிந்த வெள்ளைக்கல் குவியல்
என் தலையிலும் ஏறியது.
கடைசிக் கதவின் அடியில் ஒரு சீட்டு நீண்டது.
பாவாயி அக்கா எடுத்து வந்தார்:
"அண்ணா, 317. சேர்வராயன் மலைச் சாரல்
இங்கே வரும். சிக்னல் வராது."

கேபிள் நாலு மீட்டர் மீந்திருந்தது.
வார்டன் சாப்பிடப் போயிருந்தார்.
பெட்டியைக் கிழக்கே தள்ளி மாட்டினேன்.

பச்சை விளக்கு.
கொஞ்ச நேரத்தில் அந்தக் கதவுக்குள்,
"போயிடுச்சுடி! இன்னிக்குத்தான் கடைசி, போயிடுச்சு!"
எது போனதென்றும் சொன்னாள்.
ஃபாரம் என்றாளா, பாரம் என்றாளா,
டிரில் இரைந்த காதுக்குப் பிடிபடவில்லை.

ஏணியை மடக்கும்போதுதான் உறைத்தது,
மேற்குக் கோடி 301-க்கு
இனி ஒரு கோடுதான் காட்டும்.
அங்கிருந்தும் சீட்டு வரும்.
அன்றைக்கு என்னிடம் கேபிள் இருக்காது.