வண்டிக்கு ஒரு நங்கூரம்

மீன்வளத் துறை ஏலத்தில் கழித்துவிட்ட ஜீப்.
கதவில் அரசு முத்திரையின் நிழல்
சுரண்டியும் போகவில்லை.
ஏர்வாடி முக்கில் ரெமிஜியுஸ் பட்டறை;
ஜும்ஆ முடித்து எட்டு வெள்ளிக்கிழமை
அதன் அடியிலேயே படுத்துக் கிடந்தேன்.

முதலில் மூக்கு.
காற்றிழுக்கும் குழாயைக் கூரைவரை ஏற்றினோம்,
ஓடையில் இறங்கினால் எஞ்சின் குடித்துவிடாமல்.
அப்புறம் அகலச் சக்கரங்கள்.
முள்ளே ஏறாது என்றான் விற்றவன்.
சீமைக் கருவேலத்திடம் அதை யாரும் சொல்லியிருக்கவில்லை.
கூரையில் கம்பித் தட்டு,
நெற்றியில் வெளிச்சப் பட்டை,
முன்னால் வின்ச்:
மதுரையில் மூன்றாம் கை, நாலு டன் இழுக்குமாம்.

வெல்டிங் முகமூடியைத் தூக்கிவிட்டு
ரெமிஜியுஸ் கேட்டான்:
"எதுக்கு பாய் இத்தன? ஐஸ் பெட்டி ஏத்தத்தானே?"
ஐஸ் பெட்டி ஏற்றத்தான்.
ஐஸ் பெட்டி ஏற்றுகிறவனுக்கு
வெளிச்சத்தின் மேல் ஆசை வரக்கூடாதா?

கடைசியாக டேப்லெட்.
பரீட்சை முடிந்ததும் ஃபரீஹா கைகழுவியது,
மூலையில் சிலந்திவலையாய் ஒரு விரிசல்.
பழைய ஸ்கூட்டர் மட்கார்டை வெட்டி
சைக்கிள் டியூப் சுற்றி
ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் பிடிமானம்.
ஒரு ராத்திரி முழுக்க வீட்டு வைஃபையில்
மாவட்டமே இறங்கியது:
தொண்டி முதல் மூக்கையூர் வரை
உள்ளங்கை அளவில்.

வாலிநோக்கம் தாண்டி மேற்கே
மணல்பாதையில் முதல் ஓட்டம்.
அவள் குரல், ஊர் தெரியாத சுத்தத் தமிழ்:
"இருநூறு மீட்டரில் இடப்பக்கம் திரும்பவும்."
இடப்பக்கம் கடல்.
நான் திரும்பவில்லை. பாதி திரும்பினேன்.
அந்தப் பாதிக்கே
காய்ந்ததுபோல் கிடந்த களர்
மேல்தோல் உடைந்து
அச்சுவரை விழுங்கிக்கொண்டது.

வின்ச் கம்பியை உருவி
ஒரு கருவேலத்தில் மாட்டினேன்.
நாலு டன்னும் இழுத்தது. மரம் வந்தது,
வேரோடு, கூடவே ஒரு ஓணானோடு.
வண்டி வரவில்லை.

பாசி எடுத்துவிட்டுக் கரையேறிய இருளாயி
முக்காட்டுத் துணியை அவிழ்த்துப் பிழிந்தபடி
மூக்கு, வெளிச்சம், தட்டு எல்லாம் பார்த்து
கடைசியில் என்னைப் பார்த்தாள்.
"எல்லாம் வச்சிருக்கீக. நங்கூரம் இல்லையே."
வத்தையிலிருந்து அதைத் தூக்கிவந்தார்கள்
அவளும் இன்னும் இரண்டு பேரும்.
மண்ணில் குழிதோண்டி, கொக்கி உள்ளே பார்க்கப் புதைத்து
கம்பியை மாட்டச் சொன்னாள்.
வண்டி முனகியது. ஏறியது.
"வாடகை இருநூறு" என்றாள்.
பேரம் பேசும் நிலையில் நான் இல்லை.

சில்லறை தேடும் நேரத்தில்
ஈரவிரலால் திரையைத் தள்ளிப் பார்த்தாள்.
கால்வைக்கக் கூடாதென்று விரட்டுகிற தீவு வந்தது.
"பச்சையாப் போட்டிருக்கான்" என்றாள்.
அவள் குடியிருப்பைத் தேடினோம்;
ஒரு செல்போன் கோபுரம் இருந்தது, பெயர் இல்லை.
பிறகு தண்ணீர்ப் பக்கம் தள்ளினாள்.
தள்ளித் தள்ளி, பெரிதாக்கி,
"பாறை எங்க? பாசிப் பள்ளம் எங்க?
நான் நிக்கிற எடமெல்லாம்
ஒரே நீலமால்ல கெடக்கு."

நன்றிக்கு ஏதாவது செய்யத் தோன்றியது எனக்கு.
"எடத்தச் சொல்லு, புள்ளி குத்திப் பேர் எழுதிருவோம்" என்றேன்.
சட்டென்று விரலை எடுத்தாள்,
திரை சுட்டதுபோல்.
"குத்தாதீக. நாளைக்கு ஊரே வந்து நிக்கும்."

விரிசலில் உப்புநீர் ஒரு சொட்டு இறங்கி
அந்த மூலை இப்போது தொட்டால் கேட்பதில்லை.
ரெமிஜியுஸ் பின்பக்கம் இரண்டு வளையம் வைத்துத் தந்தான்.
வீட்டுக் கணக்கு நோட்டில்
வின்சுக்கும் வெளிச்சப் பட்டைக்கும் கீழே
ஹாஜரா எழுதியிருக்கிறாள்:
நங்கூரம் ஒன்று, துரு, எண்ணூற்று ஐம்பது.
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

கீழக்கரை வேகத்தடை ஒவ்வொன்றிலும்
அது ஒருமுறை குதித்து இறங்குகிறது.
டீக்கடையில் திரும்பிப் பார்க்கிறார்கள்,
எங்கே பாய் படகு என்று.