ராயல் பூர்போன்

செந்தாந்த்ரேயில் கரும்பு வெட்டும் மாதம்.
லாரிகள் போன வழியெல்லாம் உதிர்ந்த துண்டுகள்,
அவற்றை மோந்தபடி யாருடையவும் அல்லாத நாய்கள்.

சோபாவில் ழில்பேர்
கைபேசியை இரண்டு விரலால் விரிக்கிறான்:
பாதி பூடில், பாதி ஸ்பானியல்.
முடி கொட்டாது. குரைப்பு குறைவு.
நிறம் ஆப்ரிகாட்.
ஆயிரத்து எண்ணூறு யூரோ,
லியோனிலிருந்து விமானக் கூண்டுக்குத் தனி.
"முன்பணம் மட்டும் கட்டிட்டேன்" என்கிறான்,
பல்வலியை ஒப்புக்கொள்வதுபோல்.

தாய்க்குச் சான்றிதழ், தகப்பனுக்குச் சான்றிதழ்,
இரண்டு பக்கமும் பாட்டன்வரை பெயர்.
உன் பூட்டன் பெயர் என்ன, என்றேன்.
யோசித்தான்.
வேலாயுதமாகக் கப்பலேறி
குமாஸ்தாவின் பேனாவில் வெலாயுதோனாக இறங்கியவர்.
அவருக்குப் பின்னால் ஓர் எண் மட்டும் இருக்கிறது.
அம்மா வழியில் மடகாஸ்கர்,
அதற்கும் அப்பால்
யாரும் பேச்செடுக்காத ஒரு மாலுமி.
"அது வேற" என்றான்.
வேறதான். உனக்கு முடி கொட்டுகிறது.

(பதினோரு வருஷம் முன்னால் கில்லோ விமான நிலையத்தில்
என் தாள்களையும் ஒருவர்
வெளிச்சத்தில் பிடித்துத்தான் பார்த்தார்.)

அவன் கேட்டது வீண் ஆசையுமில்லை.
ஒரெலிக்கு இழுப்பு உண்டு.
டாக்டர் தோளைக் குலுக்கினார்:
எந்த நாய்க்கும் உத்தரவாதம் கிடையாது, மதாம்,
முகம் வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

சனிக்கிழமை காப்பகத்துக்குப் போனோம்,
சும்மா பார்க்க என்ற ஒப்பந்தத்தில்.
குளோரின் வாடை. ஈர சிமெண்ட்.
நாற்பது தொண்டைகள் ஒரே சமயத்தில்.
படிவத்தில் இனம் என்ற கட்டத்தில்
அங்கிருந்த பெண் எல்லாவற்றுக்கும் ஒன்றையே எழுதியிருந்தாள்:
ராயல் பூர்போன்.
தீவின் பழைய பெயரையும் ஒரு ராஜ பட்டத்தையும்
தெருநாய் கழுத்தில் கட்டிவிட்டு
இங்கே எல்லோரும் சிரிக்கிற பழைய சிரிப்பு.

பதினேழாம் கூண்டில் இருந்தது குரைக்கவில்லை.
தேங்காய்நார் நிறம். ஒரு காது நிமிர்ந்து,
மற்றது பாதியில் மனம் மாறி மடிந்து.
ஆறு வயசு இருக்கும். வீட்டில் வளர்ந்தது.
மார்ச்சில் குடும்பம் பிரான்சுக்குப் போய்விட்டது.
பக்கத்து வீட்டுக்காரர் போன் செய்தாராம்,
அவருக்கு நாயின் பெயர் தெரியவில்லையாம்.
"அவங்க டிக்கெட்டுக்கே கஷ்டம்" என்றாள் அந்தப் பெண்,
யாரையும் குற்றம் சொல்லாத குரலில்.
அவர்களை இறக்கிவிட்ட விமானம்தான்
திரும்புகையில் நம் ஆப்ரிகாட்டை ஏற்றி வரும்.
நான் சொல்லவில்லை.
ழில்பேர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அரைமணி நேரம் ஒரெலி
அதன் கழுத்தில் முகம் புதைத்திருந்தாள்.
நாங்கள் அவள் மூச்சை எண்ணினோம்,
அவள் பிறந்த இரவில் எண்ணியதுபோல்.
நாய் அசையவில்லை.
அதுவும் எண்ணிக்கொண்டிருந்திருக்கலாம்.

வீட்டில் பெயர்கள் வைத்துப் பார்த்தோம்.
வனில். காராமெல். யாரும் இல்லாதபோது நான், மணி.
எதற்கும் திரும்பவில்லை.
மூன்றாம் நாள் மீன் சட்டியிடம் மூக்கை நீட்ட
"அலே!" என்று கத்தினேன்.
இங்கே நாயை விரட்டுகிற சொல் அது. போ.
எஜமானைக் கண்டதுபோல் வாலாட்டி ஓடி வந்தது.
இன்னொரு முறை சொன்னேன்.
இன்னும் கிட்டே வந்தது.
ஆறு வருஷத்தில் யார் யார் எத்தனை முறை சொன்னார்களோ,
தன் பெயரென்றே எடுத்துக்கொண்டிருக்கிறது.

முன்பணம் திரும்பி வரவில்லை.
சில இரவுகளில் ழில்பேர் அந்தப் படத்தைத் திறக்கிறான்.
"வேற யாரோ வாங்கிட்டாங்க" என்கிறான்,
அவன் பாதத்தின்மேல் நார் நிறத்தில் ஒரு கனம் தூங்குகிறது.
ஒரெலியின் மருந்துக் குழல் மேஜையிலேயே இருக்கிறது,
எட்டுகிற இடத்தில்.

காலையில் வேலைக்குக் கிளம்பும்போது
கறுப்புக் கால்சட்டையிலிருந்து முடியைத் தட்டியபடி
அலே, என்கிறான்.
கேட் வரைக்கும் கூடவே போகிறது.