மேய்ஞ்ச கோடு

மெலிஞ்சிமுனையில இருந்து அரை மணித்தியால ஓட்டம்.
திசை வேண்டாம்.
ரெண்டு பாகத் தண்ணி.
திருக்கை வலையை இழுக்க
வலை வரேல்லை.
கல்லெண்டு நினைச்சன்.
கல் மூச்சு விட்டது.

புஸ்ஸெண்டு ஒருக்கா.
பேந்து கனநேரம் கழிச்சு, களைச்ச மாதிரி
இன்னொருக்கா.
றெஜிஸ் ரோச்சை அடிச்சான்.
சாம்பல் முதுகு, அதில பழைய கீறல்கள்,
கழுத்தைச் சுத்தி என்ர பச்சை நைலோன்.
"கடற்பன்றி" எண்டான்.
அடுத்து அவன்ர வாயில என்ன வரும் எண்டு
எனக்குத் தெரியும்:
"கிலோ ரெண்டாயிரம்."

அது அழும் எண்டு சொல்லுவினம்.
நான் பாக்கேல்லை. இருட்டு.
உப்புத்தண்ணி அதின்ர முகத்திலயும்
என்ர முகத்திலயும்.

வலைக்கு வெளியில சின்னனாய் ஒண்டு,
ஒரு துடுப்பளவு நீளம்.
தாய்க்குக் கீழ போகத் தெண்டிக்கிறதும்
வலையில முட்டித் திரும்புறதுமாய்.

கத்தியை எடுத்தன்.
றெஜிஸ் சிரிச்சான், வேற ஒண்டுக்கெண்டு நினைச்சு.
பதினேழாவது கண்ணியை வெட்டேக்கைதான்
சிரிப்பு நிண்டது.

வலை சங்கக் கடன்.
இன்னும் எட்டுத் தவணை கிடக்கு.
முற்றத்தில எமில்டா ஓட்டையை விரிச்சுப் பிடிச்சாள்,
வெய்யில் அதுக்குள்ளால விழுந்தது.
"எருமை போகும்" எண்டாள்.
வேற ஒண்டும் கதைக்கேல்லை.
அண்டைக்குச் சோறும் சொதியும்தான்.

கந்தோரில ஒரு படிவம் தந்தவை.
அகப்பட்ட உயிரினம். நீளம். நிறை.
இறந்த நேரம்.
இறக்கேல்லை எண்டன்.
அந்தப் பிள்ளை பேனையைக் கடிச்சபடி
கட்டத்தையே பாத்துக்கொண்டிருந்தாள்.
"அப்ப இதில என்ன எழுதுறது அண்ணை?"
கோடு கீறிவிடச் சொன்னன்.

ராவில இழுவைப் படகுகளின்ர வெளிச்சம்
தொடுவானத்தில ஒரு ஊர் மாதிரி நிக்கும்.
விடிய, கரை முழுக்கச் சாதாளை
வேரோட.
முந்தி காலால தள்ளிப்போட்டுப் போறனான்.
ஆரின்ர சாப்பாடெண்டு தெரிஞ்ச பிறகு
மிதிக்கக் கால் வருகுதில்லை.

மாசியில ஒருநாள் தண்ணி கண்ணாடி.
எஞ்சினை நிப்பாட்டிக் குனிஞ்சன்.
சாதாளைப் படுக்கையில மேய்ஞ்ச கோடு,
உழவுசால் மாதிரி வளைஞ்சு வளைஞ்சு
அகலமாய்ப் போகுது.
அதோட ஒட்டி
அரைவாசி அகலத்தில
கோணல்மாணலாய் இன்னொண்டு.

றெஜிசுக்குச் சொல்லேல்லை.
கந்தோருக்கும் சொல்லேல்லை.
வலையை ஆழத்துக்கு மாத்திப்போட்டன்.
மீன் குறைவு.
எண்ணெய்ச் செலவு கூட.
எமில்டா கணக்குக் கொப்பியைப் பாத்திட்டு
என்னையும் ஒருக்காப் பாப்பாள்.

எந்த இடமெண்டு ஆரும் கேட்டா
கை தானாய் எழும்பி
வேற பக்கத்தைக் காட்டுது.