ஒரு நாள் கொறையுது

ஆதாரை டார்ச் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து
விரல் விட்டு எண்ணினார் ஜம்புலிங்கம்.
"ஒரு நாள் கொறையுது தம்பி."

ஒரு நாள்தானே அண்ணே.

"ஒரு நாளா இருந்தா இன்னா,
கொறையுதில்ல. நாளைக்கு வா."

எனக்கு முன்னால் தமீம் உள்ளே போய்விட்டான்,
பிப்ரவரியில் பிறந்தவன்.
அவனுக்கும் முன்னால் கோகுலவாசன்.
என்னைவிட நான்கு மாதம் சின்னவன்,
ஆனால் ஒன்பதாவதிலேயே மீசை வந்துவிட்டது.
மீசையிடம் யாரும் ஆதார் கேட்பதில்லை.

குடியாத்தம், நெல்லூர்பேட்டை, மாலைக் காட்சி.
சுவரொட்டி மூலையில்
வட்டத்துக்குள் ஒரு ஏ.
படத்தில் ஒரு தலை உருள்கிறதாம்,
அதற்குத்தான் அந்த வட்டம் என்றான் தமீம்.
வேறு எதற்கோ என்று நினைத்துத்தான்
மூன்று பேரும் காசு சேர்த்தோம்,
அது வேறு கதை.

பாப்கார்ன் வாசனை வரைக்கும் போய்த் திரும்பினேன்.
எண்பது ரூபாய் டிக்கெட்டை
யாரோ ஒரு புது மாப்பிள்ளைக்கு
எழுபதுக்கு விற்றேன்.

அம்மா சொல்லியிருக்கிறாள்:
அவளுக்கு வலி எடுத்த காலையில்
தரணம்பேட்டையில் ஆட்டோ நகரவில்லை.
தெருவை அடைத்துக்கொண்டு சிரசு வந்துகொண்டிருந்ததாம்.
ஆட்டோக்காரர் இறங்கி
கன்னத்தில் போட்டுக்கொண்ட பிறகுதான்
வண்டியையே திருப்பினாராம்.
ஆத்தா தலை கோயிலுக்குள் போகிற நேரம்
என் தலை வெளியே வந்தது.
தலை போகிற அவசரமா என்று யாராவது கேட்டால்
வீட்டில் இன்னும் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

அதே வைகாசி ஒன்று
மறுநாள் வந்தது.
பல் விளக்கும்போது கண்ணாடியில் பார்த்தேன்.
பெரிதாக ஒன்றும் இல்லை.

தெருவெல்லாம் இளநீர் ஈரம்,
செருப்பில் தேங்காய்ச் சில்.
பம்பைச் சத்தம் விலா எலும்பில் அடிக்கிறது.
மாலைகளுக்கு நடுவே, அகல விரித்த கண்களோடு,
உடம்பு இல்லாமல் அவள்.
அப்பன் சொன்னான் என்று மகன் வெட்டிய தாயின் தலை.
இன்னொருத்தி உடம்பில் பொருந்தப் போகிற தலை.
எங்கள் ஊரில் ஒன்றாவது படிக்கிற பிள்ளைக்கும்
இந்தக் கதை தெரியும்,
யார் சொல்லித் தெரிந்தது என்றுதான் தெரியாது.

கூட்டத்தில் ஜம்புலிங்கம்.
காக்கிச் சட்டை இல்லாததால்
முதலில் யாரோ என்று நினைத்தேன்.
தோளில் ஒரு பெண் குழந்தை,
நான்கு வயது இருக்கலாம்.
"கண்ண மூடாத, பாரு, நல்லா பாரு,
தோ வர்றா பாரு ஆத்தா!"
அது பிடிமானத்துக்கு
குங்குமக் கையால் அவர் நெற்றியைப் பற்றியிருந்தது.
சிரசு நெருங்க நெருங்க
கை வழுக்கி வழுக்கிக் கீழே இறங்கி
அவர் கண் இரண்டையும் பொத்திவிட்டது.

"பாத்தியா? பாத்தியா?"
கேட்டுக்கொண்டே இருந்தார்.
சிரசு எங்களைக் கடந்து
கோபாலபுரம் பக்கம் போய்விட்டது.
பிள்ளை பார்த்தது.
அவர் பார்க்கவில்லை.

வாணவேடிக்கை முடிந்து
ஊரே தூங்கப் போன பிறகு இரண்டாம் காட்சி.
நாளை படம் மாறுகிறது.
ஆதாரை எடுத்து நீட்டினேன்,
பெருமையாகத்தான் நீட்டினேன்.
பார்க்காமலே கிழித்துக் கொடுத்தார்.

உள்ளே பதினோரு பேர்.
இரண்டு பேர் தூங்குவதற்கென்றே வந்தவர்கள்.
இடைவேளை கழிந்து அந்த இடம் வந்தது.
அரிவாள் ஓங்கியது.
திரை நடுவே
மங்கலாக ஒரு சதுரம்.
சத்தம் மட்டும் கேட்டது,
காலையில் தெருவில் கேட்ட தேங்காய்ச் சத்தம்.
பின் வரிசையில் யாரோ
"ஐயே" என்றார்கள்.

படம் முடியுமுன் வெளியே வந்தேன்.
ஸ்டூலில் சுவரோடு சாய்ந்து தூங்குகிறார் ஜம்புலிங்கம்.
நெற்றியில் மூன்று சின்ன விரல்கள்,
ஒன்று புருவம் தாண்டி
இமை மேல் இழுபட்டிருந்தது.
துடைக்காமலே
எத்தனை காட்சிக்கு டிக்கெட் கிழித்தாரோ.