மூன்றாம் எண் டிரான்ஸ்பார்மர்

பள்ளத்தூரில் ஊருணிக்கும் ரைஸ்மில்லுக்கும் நடுவே
மூன்றாம் எண் டிரான்ஸ்பார்மர்.
வருஷம் தவறாமல் பங்குனியில்
அதன் தலையில் ஓர் அண்டங்காக்கை ஜோடி.
கழுத்தில் சாம்பல் கிடையாது. தொண்டைவரை கருப்பு,
வெயில் பட்டால் நீலமாகிற கருப்பு.

முதல் தடவை கூட்டைப் பிரித்தபோது
நான் கீழே போட்டதை ஆரோக்கியம் எண்ணினான்:
கட்டுக்கம்பி நாற்பத்தேழு, ஹேங்கர் இரண்டு,
கால் உடைந்த மூக்குக்கண்ணாடி,
மண்டபத்துச் சீரியல் செட்டில் ஒரு முழம்.
நடுவில் மட்டும் தேங்காய் நாரும்
எவர் வீட்டு நாயோ உதிர்த்த மயிரும்.
முட்டை இல்லை என்று ரெஜிஸ்டரில் எழுதினேன்.
இரண்டு இருந்தன.

அன்றிலிருந்து என்னைத் தெரியும் அதற்கு.
காக்கிச் சட்டையிலும் தெரியும்,
கோட்டையூர்க் கல்யாணத்துக்குப்
பட்டு வேட்டியில் போனபோதும் தெரிந்தது.
பின்மண்டையில் ஒரே கொத்து.
என் ஹெல்மெட்டை மாட்டி ஆரோக்கியத்தை ஏற்றிப் பார்த்தேன்;
தலையைச் சாய்த்து அவனைப் பார்த்தது,
இறகு கோதப் போய்விட்டது.

தப்பிக்கத்தான் அதன் நேரத்தைப் படித்தேன்.
பதினொரு மணிக்கு ரைஸ்மில் தொட்டியில்
காய்ந்த பரோட்டாவை முக்கி முக்கித் தின்னும்.
மிச்சத்தைச் செம்மண்ணில் புதைத்து
மேலே ஒரு பூவரசிலையை வைக்கும்.
நான் பார்ப்பது தெரிந்தால்
தோண்டி எடுத்து, நாலு இடத்தில்
புதைப்பதுபோல் பாவனை செய்து
வாயிலேயே வைத்துக்கொண்டு பறக்கும்.
அக்னி நட்சத்திரத்தில் அலகு பிளந்து
இறக்கையை உடம்பிலிருந்து சற்றே விலக்கி
கம்பத்தின் ஒரு சாண் நிழலில் நிற்கும்.
நிழல் நகர்ந்தால் அதுவும் ஓரடி வைக்கும்.

தை அமாவாசைக்கு
தெருவே கா, கா என்று கூப்பிட்டது.
எல்லார் இலைக்கும் போனது.
என் அப்பாவின் சோறு எறும்புக்கு.

இந்தச் சித்திரையில் ஃபீடர் மூன்று முறை டிரிப் ஆனது.
சேவுகா, அந்தக் கூட்டை எடுத்துத் தொலை என்றார் ஏ.ஈ.
லைனை நிறுத்தி ஏறினேன்.
மூன்று குஞ்சுகள். ஒன்று குயிலுடையது.
புஷ்ஷிங்கைத் தொட்டுக்கொண்டு தொங்கிய
ஒரு கம்பியை மட்டும் வெட்டினேன்.
வெட்டி முடிக்கும்வரை கொத்தியது,
குயில் குஞ்சுக்கும் சேர்த்து.

கூடு அகற்றப்பட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.
வெட்டிய துண்டை
டிவிஎஸ் வண்டியின் முன்கூடையில் போட்டிருந்தேன்.
டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால்
காணோம்.