ஒற்றைக் கோடு

டொலிடோவின் கிழக்குக் கரை,
தேவாலயத்துக்குக் கீழே ஒரு நிலவறை.
புதன்கிழமை பத்து மணிக்குக் கதவு திறக்கும்.
ஒன்பதுக்கே வரிசை படியேறி
ஆற்றங்காற்றில் நிற்கும்.
மௌமி ஆறு. ஊர்க்காரர்கள் சொன்னால்
'மாமி' என்றே என் காதில் விழும்.
சிரிப்பை அடக்கப் பழக இரண்டு மாதம் ஆயிற்று.

உன் வேலை எளிது என்றாள் ரோஸலிண்ட்:
பெயர். முகவரி. வீட்டில் எத்தனை பேர்.
வருமானம் அந்தக் கோட்டுக்கு மேலா, கீழா.
நம் பக்கம் வறுமைக்கோடு என்போம்;
இங்கே அது சுவரில் ஒட்டிய ஓர் அட்டவணை.
சான்று கேட்காதே. அவர்கள் சொல்வதே சான்று.
கையெழுத்து வாங்கினால் போதும்.

வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, சாதிச் சான்று என
சான்றுகளுக்கே ஒரு சூட்கேஸ் ஒதுக்கிய
வீட்டிலிருந்து வந்தவள் நான்.
'சொன்னால் போதும்' என்ற வரியை
இரண்டு முறை படித்தேன்.

இரண்டு அலமாரிகள்.
இடப்பக்கம் அரசாங்கத்தது:
பீச் பழ டப்பா, கடலை வெண்ணெய், பின்டோ அவரை,
பெட்டிதோறும் 'விற்பனைக்கு அல்ல'.
எண்ணி வந்தது, எண்ணியே போகவேண்டும்.
நான்கு பேர் வரை ஒரு பை. ஐந்து என்றால் இரண்டு.
வலப்பக்கம் ஊரார் கொடுத்தது:
அதற்கு எடை மட்டும்தான் கணக்கு.
நெளிந்த சோள டப்பா, பிறந்தநாள் கேக் மாவு,
யாரும் தொடாத தேங்காய்ப்பால் பதினொன்று.

டார்லீன் ஹஸ்கின்ஸ் மாதம் தவறாமல் வருவாள்,
முதியோர் இல்லத்து நீலச் சீருடையோடு,
இரவுப் பணி கண்ணில் இருக்க.
படிவத்தைப் பார்க்காமலே நிரப்புவாள்.
இன்றும் ஐந்து என்று எழுதினாள்.
பிறகு பேனா நின்றது.
பின்னால் யாரோ இருமினார்கள்.
ஐந்தின் மேலேயே நான்கை எழுதினாள், அழுத்தி.

மேலெழுதக் கூடாது, வெள்ளை பூசக் கூடாது,
ஒற்றைக் கோடு போட்டு
பக்கத்தில் சரியான எண், இனிஷியல், தேதி.
அடியில் இருந்தது தெரியவேண்டும்,
தணிக்கைக்கு.
புதுப் படிவம் கொடுத்திருக்கலாம்.
தோன்றவில்லை. விதியைச் சொன்னேன்.
அவள் கோடு போட்டாள், நேராக.

யார் என்று கேட்க அந்தத் தாளில் இடமில்லை.
கொலம்பஸில் வேலை கிடைத்திருக்கலாம்.
ராணுவம். சிறை. ஒரு காதலியின் வீடு.
டி. ஹெச். என்ற இரண்டு எழுத்தில்
எதுவும் தெரியவில்லை.

தள்ளுவண்டியில் டுவெய்ன்
பழக்கத்தில் இரண்டு பை ஏற்றியிருந்தான்.
என்னைப் பார்த்தான்.
"ஒன்று" என்றேன்.
என் குரல் எனக்கே
கவுன்டர்க்காரன் குரலாகக் கேட்டது.

வலப்பக்கம் அவளை அழைத்துப் போனேன்.
கேக் மாவை எடுத்தேன்,
திரும்ப வைத்தேன்.
தேங்காய்ப்பாலைத் திருப்பித் திருப்பிப் பார்த்து
"இதை வைத்து என்ன செய்வது?" என்றாள்.
அரிசியை இதிலேயே வேகவிடு,
கொஞ்சம் உப்பு, சின்னத் தீ.
"எத்தனை பேருக்கு வரும்?"
நாலு பேருக்கு என்றேன்.
தண்ணீர் சேர்த்தால் ஐந்து.
சொன்ன பிறகுதான் எனக்குக் கேட்டது.
அவள் மூன்று டப்பா எடுத்துக்கொண்டாள்.
கொண்டுவந்த இரண்டாவது பையை
நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தாள்.

மூன்று மணிக்குக் கணக்கு.
குடும்பம் தொண்ணூற்றாறு.
ஆட்கள் இருநூற்று எண்பத்திரண்டு.
ரோஸலிண்ட் கூட்டினால் எண்பத்து மூன்று.
மறுபடி கூட்டினாள். எண்பத்து மூன்று.
அடித்த ஐந்தைப் படித்திருக்கிறாள்.
இடப்பக்கம் ஒரு பை மிச்சம், அதுவே சாட்சி.

அறிக்கையை என்னிடம் தள்ளினாள்.
ஒற்றைக் கோடு போட்டேன்.
பக்கத்தில் எண்பத்திரண்டு.
என் இனிஷியல். தேதி.

குளிர்பெட்டி முப்பத்தெட்டு டிகிரி.
அதையும் எழுதிவிட்டு
விளக்கை அணைத்தோம்.