தள்ளி நின்ற புள்ளி

ட்ரோம்சோவில் பத்து மணிக்கும் இருட்டுதான்.
நோயாளியாக நடிக்க வந்த குத்ருன்,
படகுத்துறையில் சீட்டு கிழித்தவள்,
முப்பதாவது தடவை சட்டையைத் தளர்த்தினாள்.
அவளுக்கான தாளில்: இதய ஒலி இயல்பு.

'இயல்பு' என்றே எல்லோரும் சொல்லிப் போனார்கள்.
சுன்னிவா கருவியை எடுக்கவில்லை.
கண்ணை மூடிக்கொண்டு,
"உள்ளே ஒரு முணுமுணுப்பு" என்றாள்.
தேர்வாளர் சுழியம் இட்டார்.

எனக்கு மதிப்பெண்களின் நம்பகம் அளக்கும் வேலை.
வரைபடத்தில் கூட்டத்தை விட்டு
ஒரே ஒரு புள்ளி தள்ளி நின்றது.
நீக்கினேன். நம்பகம் கூடியது. கட்டுரை அச்சேறியது.

மார்ச்சில் குத்ருன் வரவில்லை;
வால்வை மாற்றியிருக்கிறார்களாம்.
இலையுதிர் காலத்தில் வந்தாள், தழும்போடு,
கூலி ஏறியதா என்று கேட்டுக்கொண்டே.

இரவு கோப்பைத் திறந்து
அந்தப் புள்ளியை அதன் இடத்தில் வைத்தேன்.
நம்பகம் சற்று இறங்கியது.